பழைய ஸ்பீக்கர் பெட்டிக்குள்ள இருக்கிற க்ராஸ்ஓவர்: மாத்துறதுக்கு முன்னாடி அது என்ன பண்ணுதுனு பாருங்க

பழைய ஹை-ஃபை ஸ்பீக்கர் வாங்கப் போறவங்க எல்லாரும் முன்பக்கத் துணியக் கழட்டி, கோன் கிழிஞ்சிருக்கா, ஃபோம் உதிருதா, உச்ச ஸ்வரம் தர்ற ட்வீட்டரோட டோமை ஏதாவது குழந்தை விரல் வச்சு அமுக்கிருக்கானு பாப்பாங்க. அது சரிதான், ஆனா கண்ணுக்குத் தெரியாம உள்ள ஒரு பலகை இருக்கு, க்ராஸ்ஓவர்னு பேரு, நாலஞ்சு கேபாசிட்டர், ரெண்டு மூணு காயில், ஒன்னு ரெண்டு சிமெண்ட் ரெசிஸ்டர், அவ்ளோதான், அந்தப் பலகை தான் அந்த ஸ்பீக்கரோட குரல் எப்படி இருக்கணும்னு முடிவு பண்ணுது. நாப்பது வருஷம் ஆன ஸ்பீக்கர்ல வயசாகுறதுல அதுவும் ஒன்னு. அதுவும் சத்தமே இல்லாம, கொஞ்சம் கொஞ்சமா வயசாகுறதால யாருக்கும் தெரியறதில்ல.

நான் இதுக்குள்ள வந்ததே மயிலாப்பூர்ல ஒரு பெரியவர் வீட்ல வாங்கின ஒரு ஜோடியால. எழுபதுகளோட கடைசியில வந்த பிரிட்டிஷ் டூ-வே பெட்டி, அதாவது தாழ்ந்த ஸ்வரத்துக்கு வூஃபர், உச்ச ஸ்வரத்துக்கு ட்வீட்டர்னு ரெண்டு டிரைவர், வெனீர் எல்லாம் அப்படியே புதுசு மாதிரி. "தம்பி, இடது பக்கம் மட்டும் கொஞ்சம் மங்கலா கேக்குது, எனக்குத் தான் காது போச்சோ என்னமோ"னு சொல்லிட்டுத் தான் குடுத்தார். அவர் காதுல ஒரு குறையும் இல்ல. ஜால்ரா சத்தம் வலது பக்கம் பளிச்னு வரும், இடது பக்கம் கம்பளி போத்தின மாதிரி வரும். காட்டின ரெண்டு கடையிலயும் ட்வீட்டர் போயிடுச்சுன்னாங்க, ஒரு இடத்துல ரெடிமேட் க்ராஸ்ஓவர் போர்டு இருக்கு சார், முழுசா மாத்திடலாம்னும் சொன்னாங்க. வீட்டுக்கு வந்து ட்வீட்டரைக் கழட்டி அதோட கால்லயே மல்டிமீட்டர் வச்சா ரெண்டு பக்கமும் ஒரே அளவு ஓம். ட்வீட்டர் நல்லா தான் இருந்தது.

(இதைப் பின்னாடி இருக்கிற டெர்மினல்ல வச்சுப் பாக்காதீங்க, ட்வீட்டருக்கு முன்னாடி கேபாசிட்டர் இருக்கிறதால மீட்டர்ல அது தெரியவே தெரியாது, நீங்க பாக்குறது வூஃபரோட ஓம் மட்டும் தான். ட்வீட்டர் கால்ல இருந்து ஒரு ஒயரையாவது எடுத்துட்டு தான் அளக்கணும்.)

சரி, க்ராஸ்ஓவர் என்ன பண்ணுது. வயல்ல மடை திறந்து விடுறது மாதிரினு நினைச்சுக்கங்க, ஒரே வாய்க்கால்ல வர்ற தண்ணிய இந்தப் பாத்திக்கு இவ்ளோ அந்தப் பாத்திக்கு இவ்ளோனு பிரிக்கிறோம்ல, அது மாதிரி ஆம்ப்ல (ஆம்ப்ளிஃபயர்ல) இருந்து வர்ற ஒரே சிக்னலை தாழ்ந்த ஸ்வரம் வூஃபருக்கு, உச்ச ஸ்வரம் ட்வீட்டருக்குனு பிரிக்குது. காயிலுக்கு ஒரு குணம், அதிர்வெண் ஏற ஏற வழிய மறிக்கும். கேபாசிட்டருக்கு நேர் எதிர் குணம், அதிர்வெண் ஏற ஏற வழிய விடும். அதனால வூஃபருக்கு முன்னாடி காயில், ட்வீட்டருக்கு முன்னாடி கேபாசிட்டர். ஒவ்வொன்னு போட்டா முதல் ஆர்டர் ஃபில்டர், அதாவது பிரியற இடத்தத் தாண்டி ஒரு ஸ்தாயி போனா 6 டெசிபெல் குறையும். இன்னொரு காயிலும் கேபாசிட்டரும் குறுக்கால, அதாவது டிரைவரோட ரெண்டு காலுக்கும் நடுவுல, சேர்த்தா 12, அதுக்கும் மேல சேர்த்தா 18, 24.

கணக்கு ஒன்னும் பெரிசு இல்ல. 8 ஓம் ட்வீட்டர், 3000 ஹெர்ட்ஸ்ல பிரிக்கணும்னா கேபாசிட்டர் கிட்டத்தட்ட 6.6 மைக்ரோஃபாரட், அதே இடத்துல வூஃபருக்குக் காயில் 0.42 மில்லிஹென்றி. புத்தகக் கணக்கு இவ்ளோ தான். இந்தக் கணக்க நம்பித் தான் ரெடிமேட் போர்டு விக்கிறாங்க, "டூ-வே, 3 கிலோஹெர்ட்ஸ், 8 ஓம்"னு எழுதி.

ஆனா 8 ஓம்னு எழுதின ஸ்பீக்கர் 8 ஓமே கிடையாது. மீட்டர்ல பாத்தா 6 சொச்சம் காட்டும், அது டிசி அளவு. மியூசிக் ஓடும்போது அது ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் ஒவ்வொரு ஓமா மாறிக்கிட்டே இருக்கும், ரெசனன்ஸ் (கோன் தானாவே அதிர்ற அதிர்வெண்) கிட்ட மலை மாதிரி 30 ஓம் கூட எகிறும், அப்புறம் இறங்கும், மேல போகப் போக, கோனை ஆட்டுற வாய்ஸ் காயிலோட இண்டக்டன்ஸால (அதுவும் ஒரு காயில் தானே) மறுபடி ஏறும். அந்த ஏத்தம் இருக்கிற வரைக்கும் காயில் ஃபில்டர் கணக்குப்படி வேலை செய்யாது, வெட்ட வேண்டிய இடத்துல வெட்டாது. அதுக்குத் தான் வூஃபர் குறுக்கால ஒரு ரெசிஸ்டரும் கேபாசிட்டரும் சேர்த்து ஒரு ஜோடி போடுவாங்க, ஸோபெல் நெட்வொர்க்னு பேரு. வூஃபர் 6 ஓம், இண்டக்டன்ஸ் 0.5 மில்லிஹென்றினா சுமார் 7.5 ஓமும் 14 மைக்ரோஃபாரடும் வரும். ஓட்டோ ஸோபெல் ஏடி அண்ட் டி கம்பெனி எஞ்சினியர், அவர் பண்ணினது டெலிஃபோனுக்கு. ஒரே கம்பியில பல பேச்ச அனுப்பி அந்தப் பக்கம் பிரிச்சு எடுக்கணும், அதுக்காக 1910கள்லயும் 20கள்லயும் ஜார்ஜ் கேம்ப்பெல், ஸோபெல் மாதிரி ஆளுங்க ஃபில்டர் கணக்கெல்லாம் போட்டு வச்சாங்க. அதே கணக்கு தான் 30கள்ல சினிமா தியேட்டர் ஹார்ன் ஸ்பீக்கருக்கு வந்து, அங்க இருந்து வீட்டுப் பெட்டிக்கு வந்தது. நம்ம வீட்ல பாட்டு கேக்குற பலகையோட பூர்வீகம் டெலிஃபோன் எக்ஸ்சேஞ்ச்னு நினைச்சா எனக்கு இன்னிக்கும் சந்தோஷமா இருக்கு.

இதோட முடியல. ட்வீட்டர் பொதுவா வூஃபரை விட சத்தம் ஜாஸ்தி குடுக்கும், அதை அடக்க ரெண்டு ரெசிஸ்டர், எல்-பேட்ம்பாங்க. 8 ஓம்ல 3 டெசிபெல் குறைக்கணும்னா வரிசையில 2.3 ஓம், குறுக்கால 19 ஓம் சுமாரா. வூஃபர் கோன் ஏதாவது ஒரு இடத்துல கத்தும், அதை அடக்க தனியா ஒரு நாட்ச் ஃபில்டர் இருக்கலாம். பெட்டி முகப்போட அகலத்துனால கீழ் ஸ்வரம் மெலிஞ்சு போறதை ஈடு கட்ட, புத்தகக் கணக்க விடப் பெரிய காயில் போட்டிருப்பாங்க. ஆக அந்தப் பலகையில இருக்கிற ஒவ்வொரு அளவும் அந்த வூஃபர், அந்த ட்வீட்டர், அந்தப் பெட்டி மூணையும் பக்கத்துல வச்சு அளந்து, கேட்டு, திருத்தி எழுதினது. இன்னொருத்தருக்கு எடுத்த அளவுல தைச்ச சட்டைய நமக்குப் போட்ட மாதிரி தான் ரெடிமேட் போர்டு இருக்கும். எரிஞ்சு கரியாகி சர்க்யூட் படமும் கிடைக்காத பலகைனா வேற வழி இல்ல. மத்தபடி அந்தப் பக்கம் போகவே போகாதீங்க.

எவ்ளோ நுணுக்கமா இந்த வேலை நடந்ததுனு தெரிஞ்சுக்க பிபிசியோட எல்எஸ்3/5ஏ ஒன்னு போதும். 1970களோட ஆரம்பத்துல வெளிப்புற ஒலிபரப்பு வேன்ல வைக்கிறதுக்காக பிபிசி எஞ்சினியருங்க உருவாக்கின சின்னப் பெட்டி, உள்ள சுமார் 5 லிட்டர் தான் இடம். கேஈஎஃப் கம்பெனியோட பி110 வூஃபர், டி27 ட்வீட்டர். அந்தக் க்ராஸ்ஓவருக்கு எஃப்எல்6/23னு தனி நம்பரே இருக்கு, ரெண்டே டிரைவருக்கு அவ்ளோ பாகங்க. ட்வீட்டர் அளவ ஒரு ரெசிஸ்டரால அடக்காம டேப் எடுத்த, அதாவது சுத்துக்கு நடுநடுவுல கம்பி வெளிய எடுத்த, ஆட்டோ-ட்ரான்ஸ்ஃபார்மர் வச்சிருந்தாங்க, ஒவ்வொரு ட்வீட்டருக்கும் ஏத்த மாதிரி டேப்பை மாத்தி அளவு பொருத்தறதுக்கு. அந்தப் பழசு 15 ஓம். அப்புறம் 1980களோட கடைசியில டிரைவரையும் திருத்தி க்ராஸ்ஓவரையும் புதுசா வரைஞ்சு 11 ஓம் ஆக்கினாங்க. வெளிய பாத்தா ரெண்டும் ஒரே பெட்டி. பேரும் ஒன்னு, கம்பெனியும் பல சமயம் ஒன்னு. ஆனா 15 ஓம் பெட்டியில 11 ஓம் பலகையைப் போட்டா அது எல்எஸ்3/5ஏவே இல்ல. ஒரே மாடல்லயே இப்படினா எந்த ஊரு போர்டோ எடுத்துப் போட்டா என்ன ஆகும்.

இங்கயே இன்னொன்னு சொல்லிடறேன், இதுல நிறைய நல்ல ஸ்பீக்கர் கெட்டுப் போறதைப் பாத்திருக்கேன். உள்ள திறந்து பாக்கும்போது ட்வீட்டருக்கு ப்ளஸ் மைனஸ் மாறிப் போயிருக்கும். உடனே யாரோ தப்பா மாட்டிட்டாங்கனு நினைச்சு "சரி" பண்ணிடுவாங்க. 12 டெசிபெல் ஃபில்டர்ல பிரியற இடத்துல வூஃபரும் ட்வீட்டரும் ஒன்னுக்கொன்னு 180 டிகிரி தள்ளி நிக்கும், அதனால டிசைனர் வேணும்னே ட்வீட்டரைத் திருப்பி மாட்டிருப்பார். அதை நேராக்கினா ரெண்டும் ஒன்ன ஒன்னு அடிச்சுக்கிட்டு சரியா 3 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல பள்ளம் விழும். நம்ம காது ரொம்பக் கூர்மையா இருக்கிற இடம் அது. நாதஸ்வரத்துல ஒரே ஸ்வரம் எடுத்தாலும் அதோட அடிநாதம் வூஃபர்லயும் மேல் ஹார்மோனிக்ஸ் ட்வீட்டர்லயும் பிரிஞ்சு தான் வருது, நடுவுல பள்ளம் விழுந்தா வாசிக்கிறவர் எங்கயோ தூரத்துல திரும்பி நின்னு வாசிக்கிற மாதிரி இருக்கும். அதனால முதல் ஒயர் கழட்டறதுக்கு முன்னாடி போன்ல நாலு போட்டோ எடுங்க, ரெண்டு பெட்டியையும் எடுங்க. ரெண்டுலயும் ஒரே மாதிரி திரும்பி இருந்தா அது டிசைன், ஒன்னுல மட்டும் இருந்தா தான் யாரோ கை வச்சிருக்காங்க.

இப்ப வயசு விஷயம். காயில் சாகாது, செம்புக் கம்பி தானே, எனாமல் கருகற அளவுக்கு யாராவது பார்ட்டி வச்சிருந்தா தவிர. சிமெண்ட் ரெசிஸ்டரும் பெரும்பாலும் நிக்கும், அதுக்குக் கீழ போர்டு பழுப்பா கருகிருந்தா மட்டும் கழட்டி அளந்து பாருங்க. வயசாகுறது பைபோலார் எலக்ட்ரோலைடிக் கேபாசிட்டர். சாதாரண எலக்ட்ரோலைடிக்ல ஒரு தகடுக்கு மட்டும் ஆக்சைடு பூச்சு, ப்ளஸ் மைனஸ் பாத்துப் போடணும். ஸ்பீக்கர்ல போறது ஏசி, ரெண்டு பக்கமும் மாறி மாறி ஓடும், அதனால ரெண்டு தகடுக்கும் ஆக்சைடு. நடுவுல ஈரமான காகிதம். அந்த ஈரம் தான் மெல்ல மெல்ல காயும், காயக் காய உள்தடை ஏறும். ஈஎஸ்ஆர்னு சொல்றது அது தான். அளவும் மாறும், சிலது குறையும், சிலது எழுதினதை விடக் கூடக் காட்டும்.

கூடக் காட்டுதேனு சந்தோஷப்படக் கூடாது. சாதாரண மல்டிமீட்டர்ல இருக்கிற கேபாசிட்டர் ரேஞ்ச், உள்ள லீக்கேஜ் இருந்தா ஏமாந்து போய் பெரிய நம்பரைக் காட்டும். நிஜமாவே கூடிருந்தாலும் கெடுதல் தான், 6.6 இருக்க வேண்டியது 9 ஆச்சுனா 3000 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிக்க வேண்டிய ட்வீட்டர் 2200லயே ஆரம்பிச்சுடும், தாங்க முடியாத வேலை அதுக்கு வந்து சேரும்.

என்னோட இடது பெட்டியில நடந்தது அந்த உள்தடை விஷயம் தான். அளவு ஓரளவுக்கு சரியா தான் காட்டுச்சு, ஈஎஸ்ஆர் பாத்தா வலது பக்கத்த விடப் பல மடங்கு. ட்வீட்டருக்கு முன்னாடி யாரோ ஒரு ரெசிஸ்டர் ஒளிச்சு வச்ச மாதிரி, சக்தியில ஒரு பகுதி அங்கயே சூடா வீணாப் போச்சு. இதைக் கண்டுபிடிக்க எல்சிஆர் மீட்டர் வேணும், ஒரு கிலோஹெர்ட்ஸ்லயும் அதுக்கு மேலயும் அளவு, ஈஎஸ்ஆர் ரெண்டும் காட்டுறது. பழைய ஸ்பீக்கர்ல ஆசை இருக்கிறவங்க ஆயிரக்கணக்குல ஒயருக்கு செலவு பண்றதுக்குப் பதிலா முதல்ல இதை வாங்கலாம்ங்கிறது என் கருத்து. அளக்கும்போது கேபாசிட்டரோட ஒரு காலையாவது போர்டுல இருந்து எடுத்துடணும், இல்லனா பக்கத்துல இருக்கிற காயிலும் டிரைவரும் சேர்ந்து வேற ஏதோ காட்டும்.

இப்ப ரொம்பப் பேர் தெரிஞ்சுக்க வேண்டிய இடம். கெட்டுப்போன பைபோலாரை எடுத்துட்டு நல்ல பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் கேபாசிட்டர் போட்டா இன்னும் நல்லா தானே இருக்கும்னு எல்லாரும் நினைப்போம். நானும் அப்படித் தான் ரெண்டு பெட்டியிலயும் போட்டேன். மங்கல் போச்சு, ஆனா அரை மணி நேரம் கேட்டா காது வலிச்சது, பாடுறவங்க "ச", "ஸ" சொல்றப்ப எல்லாம் ஊசி குத்தற மாதிரி. ஏன்னு புரிய கொஞ்ச நாள் ஆச்சு. புது பைபோலாருக்கே ஒரு உள்தடை உண்டு. லாஸ் 5 சதவீதம் இருக்கிற ஒரு 10 மைக்ரோஃபாரட் பைபோலார்ல ஒரு கிலோஹெர்ட்ஸ்ல கணக்கு போட்டா 0.8 ஓம் வரும். ஃபிலிம்ல அது கிட்டத்தட்ட பூஜ்யம். அன்னிக்கு டிசைனர் அந்த 0.8 ஓமையும் சேர்த்து அளந்து தான் எல்-பேட் போட்டிருக்கார், படத்துல அதை எழுதல, எழுத வேண்டிய அவசியம் அவருக்கு இல்ல, அந்தக் கேபாசிட்டர் தான் எப்பவும் போடப் போறாங்க. 8 ஓம் ட்வீட்டருக்கு முன்னாடி 0.8 ஓம் காணாமப் போனா முக்கால் டெசிபெல்லுக்கு மேல சத்தம் கூடும். நம்பர் சின்னது தான், ஆனா ட்வீட்டரோட மொத்த எல்லையும் அப்படியே மேல தூக்கினா அது நல்லாவே கேக்கும். ஃபிலிமுக்கு வரிசையில ஒரு சின்ன ரெசிஸ்டர், என் கேஸ்ல 0.68 ஓம், போட்டதும் ஊசி போயிடுச்சு.

குறுக்கால இருக்கிற கேபாசிட்டர்ல இது இன்னும் முக்கியம். வூஃபர் குறுக்கால இருக்கிறதுல உள்தடை தான் ஃபில்டரோட வளைவ அடக்கி வைக்குது, அதை எடுத்துட்டா பிரியற இடத்துக்குப் பக்கத்துல மேடு விழலாம், ஆம்ப் பாக்குற இம்பீடன்சும் (ஏசிக்கான ஓம்) இறங்கலாம். அதனால குறுக்கால இருக்கிறதுக்கு நான் இப்ப புது பைபோலாரே போடறேன், விலையும் குறைவு. ட்வீட்டருக்கு வரிசையில வர்றதுக்கு மட்டும் ஃபிலிம், தேவைப்பட்டா ரெசிஸ்டரோட. ஸ்பீக்கரை அதோட டிசைனர் கேட்ட இடத்துக்குத் திரும்பக் கொண்டு போறது ஒரு வேலை, புதுசா டிசைன் பண்றது வேற வேலை. முதல் வேலைய முழுசா முடிச்சுட்டு ஒரு மாசம் கேட்டுட்டு அப்புறம் ரெண்டாவதுக்குப் போங்க. போகணும்னு தோணுனா.

ஒரு நிஜ உதாரணம், உலகம் முழுக்க ஆயிரம் பேர் ரிப்பேர் பண்ணிருக்கிற ஏஆர்-3ஏ. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் கேம்ப்ரிட்ஜ்ல எட்கர் வில்ச்சூர் ஆரம்பிச்ச அக்கூஸ்டிக் ரிசர்ச் கம்பெனி 1967ல கொண்டு வந்தது, இதுக்கு முந்தின ஏஆர்-3 ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்கு. 12 இன்ச் வூஃபர், நடு ஸ்வரத்துக்கு மிட் டோம், ட்வீட்டர் டோம், ஆக த்ரீ-வே, 575 ஹெர்ட்ஸ்லயும் 5000 ஹெர்ட்ஸ்லயும் பிரியும், 4 ஓம். உள்ள மூணு முக்கியமான கேபாசிட்டர், வூஃபருக்கு 150, மிட்டுக்கு 50, ட்வீட்டருக்கு 6 மைக்ரோஃபாரட். இதை வாங்கறவங்க பெரும்பாலும் சொல்றது மிட் வரல, ட்வீட்டர் வரல. டோமை மாத்த ஓடுவாங்க. நிஜத்துல ரொம்ப சமயம் குற்றவாளி பின்னாடி இருக்கிற, சத்தத்தக் கூட்டிக் குறைக்கிற ரெண்டு திருகு, மிட்டுக்கு ஒன்னு ட்வீட்டருக்கு ஒன்னு, ஒயர் சுத்தின பொட்டென்ஷியோமீட்டர். காலப்போக்குல அந்தக் கம்பிக்கும் மேல ஓடுற நாக்குக்கும் நடுவுல பச்சை பிடிச்சுப் போய் தொடர்பே விட்டுடும். திருகை ஒரு இருபது தடவை முன்னும் பின்னும் திருப்பினா கரகரன்னு சத்தம் வந்து டோம் திடீர்னு உயிர் பெறும், அப்படி வந்தா டோமுக்கு ஒன்னும் இல்லனு அர்த்தம். சிலர் பிரிச்சு சுத்தம் பண்ணுவாங்க, சிலர் புது எல்-பேட் வைப்பாங்க, சிலர் ஃபிக்ஸட் ரெசிஸ்டர் போட்டுட்டு திருகையே விட்டுடுவாங்க. சுத்தம் பண்ண முடிஞ்சா அதையே பண்ணுங்கனு சொல்வேன், அந்தத் திருகு ரூமுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கத் தான் வச்சது, அதை எடுத்துட்டா ஸ்பீக்கரோட ஒரு பகுதியே போன மாதிரி.

அந்தப் பெட்டியில க்ராஸ்ஓவருக்குப் போகணும்னா வூஃபரைக் கழட்டி உள்ள இருக்கிற பஞ்ச எடுக்கணும். அது ஃபைபர் கிளாஸ், மாஸ்க்கும் கையுறையும் இல்லாம தொடாதீங்க, ரெண்டு நாள் அரிக்கும். எவ்ளோ எடுத்தீங்களோ அவ்ளோ திரும்ப வைக்கணும், சீல் பெட்டி அது, பஞ்சோட அளவும் காத்து போகாத இறுக்கமும் பேஸோட கணக்குல சேர்த்தி. 150 மைக்ரோஃபாரடுக்கு ஃபிலிம் வாங்கறேன்னு கெளம்பினீங்கன்னா சொம்பு சைஸ்ல வரும், காசும் போகும், அங்க தேவையும் இல்ல.

சாமான் எங்க வாங்கறது. சென்னைல இருக்கிறவங்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கு, சிமெண்ட் ரெசிஸ்டர், பைபோலார் எல்லாம் தேடினா கிடைக்கும், கையில மீட்டர் கொண்டு போய் அங்கயே அளந்து வாங்குங்க, ரெண்டு பெட்டிக்கும் ஜோடி சேர்ந்து வரணும். ஃபிலிமுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல வழி நம்ம வீட்டு சீலிங் ஃபேன் கேபாசிட்டர். சும்மா சொல்லல, அது மெட்டலைஸ்டு பாலிப்ரொப்பிலீன், 440 வோல்ட் ஏசி, பெரும்பாலும் 5 சதவீத டாலரன்ஸ், எந்த எலக்ட்ரிகல் கடையிலயும் கிடைக்கும். 2.5, 3.15, 4 மைக்ரோஃபாரட்ல வருது. மேல சொன்ன 6.6 வேணும்னா ரெண்டு 3.15ஐப் பக்கவாட்டுல சேர்த்து, கூட ஒரு 0.33 ஃபிலிம், முடிஞ்சது. பெரிய அளவுக்கு ஏசி, வாஷிங் மெஷின்ல வர்ற ரன் கேபாசிட்டர் ஆகும். மோட்டார் "ஸ்டார்ட்" கேபாசிட்டர் மட்டும் வேண்டாம், அது எலக்ட்ரோலைடிக், ஒரு நொடி ரெண்டு நொடி ஓடறதுக்கு செஞ்சது. வோல்ட்டைப் பத்திக் கவலையே வேண்டாம், 100 வாட்ஸ் 8 ஓம்ல போனாலும் உச்சம் 40 வோல்ட் தான், அதனால பைபோலார் 63 வோல்ட்லயே போதும், 100 இருந்தா நிம்மதி.

சில பெட்டியில முன்னாடி கை வச்சவங்க பைபோலார் கிடைக்காம சாதாரண எலக்ட்ரோலைடிக் ஒன்னையே போட்டிருப்பாங்க. அதை முதல்ல எடுங்க. ரெண்டை மைனஸோட மைனஸ் சேர்த்துப் போட்டிருந்தா அது ஓரளவுக்கு ஓடும், ஆனா அளவு பாதியாகும், ரெண்டு 22 சேர்ந்து 11 தான்.

சால்டரிங் பத்தி ரெண்டு வார்த்தை. காயில் கம்பி கனமானது, 25 வாட்ஸ் அயர்னால சூடேறாது, ஈயம் மேல உருண்டை மாதிரி ஒட்டிக்கிட்டு உள்ள பிடிக்காம இருக்கும், 60 வாட்ஸ் வேணும். எனாமலை சொரண்டாம ஈயம் வைக்காதீங்க. லாரியில வந்த பெட்டினா கேபாசிட்டரைத் தொடறதுக்கு முன்னாடி காயில் காலை ஆட்டிப் பாருங்க, கனமான காயில் குலுங்கி குலுங்கி ஈயம் வட்டமா விரிசல் விட்டிருக்கும், அதை மறுபடி பத்த வச்சாலே பாதி பேர் பிரச்சனை தீர்ந்துடும். தள்ளி மாட்டுற கனெக்டர்ல கடல் காத்து பட்டுப் பச்சை பிடிச்சிருந்தாலும் அதே கதை. பை-ஒயரிங், அதாவது வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் தனித்தனி ஒயர் போட நாலு டெர்மினல் இருக்கிற பெட்டியில நடுவுல இருக்கிற செம்புத் தகடு தொலைஞ்சு போய், ட்வீட்டர் செத்துடுச்சுனு பாதி விலைக்கு வித்ததையும் பாத்திருக்கேன்.

காயிலோட இடத்த மாத்தாதீங்க. ஒன்னு படுத்து ஒன்னு நின்னு இருக்கும், அழகுக்காக இல்ல, ஒன்னோட காந்தப் புலம் இன்னொன்னுல போகக் கூடாதுனு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல படுக்க வச்சா வூஃபருக்குப் போறது ட்வீட்டர் பக்கம் கசியும். இரும்புக் கோர் இருக்கிற காயிலை எடுத்துட்டு ஏர் கோர் போடலாம்னு சொல்வாங்க, அதுலயும் செம்போட டிசி தடை வேற ஆகும், பழைய காயில் 0.5 ஓம்னா அந்த 0.5உம் பேஸோட கணக்குல இருக்கு. நான் காயிலைத் தொடறதே இல்ல. புது கேபாசிட்டரை ஒட்ட சிலிகான் பயன்படுத்தினா புளிச்ச காடி வாசனை வர்ற வகை வேண்டாம், அதுல வர்ற அமிலம் செம்ப அரிக்கும். டை போட்டு இறுக்குங்க, உள்ள அதிர்வு ஜாஸ்தி, லூசா இருந்தா தாளம் போட ஆரம்பிச்சுடும்.

ரெண்டு பெட்டியையும் ஒரே நாள்ல முடிக்காதீங்க. முதல்ல ஒன்னை மட்டும் பண்ணி, ரெண்டையும் பக்கத்துல வச்சு மோனோவுல ஒரு தெரிஞ்ச குரலைப் போட்டு பேலன்ஸ் திருகால இங்கயும் அங்கயும் மாத்திக் கேளுங்க. என்ன மாறுச்சுனு அப்ப மட்டும் தான் நிஜமா தெரியும், ரெண்டையும் முடிச்சுட்டா பழசு எப்படி இருந்ததுனு காதுக்கு மறந்துடும். ஆர்இடபிள்யூனு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அளவெடுக்கிற மைக் ஒன்னு இருந்தா ரெண்டு பெட்டியோட வளைவையும் ஒன்னு மேல ஒன்னு போட்டுப் பாக்கலாம், பிரியற இடத்துல ரெண்டும் ஒட்டிப் போகணும்.

பெரியவர் வீட்டுக்கு வலது, இடது ரெண்டையும் ஒரு ஞாயித்துக்கிழமை எடுத்துட்டுப் போய் கேக்க வச்சேன். கண்ண மூடிக் கேட்டுட்டு, "ஜால்ரா நடுவுல வந்துடுச்சு தம்பி"ன்னார். கழட்டின பழைய கேபாசிட்டர் எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு, எது எங்க இருந்தது, அளந்தப்ப எவ்ளோ காட்டுச்சு, புதுசு என்ன போட்டேன், எந்தப் பக்கம் எந்த ரெசிஸ்டர் சேர்த்தேன், தேதி, எல்லாம் எழுதி டெர்மினல் தகட்டுக்கு உள்பக்கம் ஒட்டி வச்சிருக்கேன். அடுத்து அந்தப் பெட்டியத் திறக்கிறவர் யாரோ, அவருக்கு.